கணக்கில் விடுபட்ட கோபால்ட்

2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த பழைய சாமான்களை ஏலம் விட்டது. எந்தக் கல்லூரியிலும் நடக்கிற காரியம்தான். குழு போட்டு, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, முறைப்படி நடந்த ஏலம். பட்டியலில் வேதியியல் துறையின் ஒரு இயந்திரமும் இருந்தது. காமாசெல் 220 என்று பெயர். கனடாவில் செய்தது, பல டன் எடை. ஏறத்தாழ 40 வருடங்களுக்கு முன்பு ஆராய்ச்சிக்காக வாங்கியிருக்கிறார்கள். 1985க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 25 வருடம் ஒரு அறையில் சும்மா நின்றது. இடத்தை அடைக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

ஏலம் எடுத்தவர்கள் அதை மேற்கு தில்லியின் மாயாபுரிக்குக் கொண்டுபோனார்கள். தில்லியின் பெரிய பழைய இரும்புச் சந்தை அது. வழக்கம்போலப் பிரித்தார்கள். உள்ளே நிறைய ஈயம் இருந்தது, ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. ஈயத்துக்கும் உள்ளே பென்சில் மாதிரி சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். கோபால்ட்-60. அது என்ன என்று தெரியாமல் ஒருவர் ஒரு துண்டை மணிபர்சில் வைத்துக்கொண்டார். சில துண்டுகள் பக்கத்துக் கடைக்குப் போயின.

சில வாரங்களில் கடைக்காரர் ஒருவருக்குத் தோல் கறுத்து, முடி கொட்டியது. அவரைச் சேர்த்த மருத்துவமனை கதிர்வீச்சாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஏப்ரல் 7 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொன்னது. மும்பையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆட்கள் மீட்டர்களோடு வந்து கடை கடையாகத் தேடினார்கள். துண்டுகள் கிடைத்தன. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பது தெரியவில்லை. ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார். அதற்குப் பிறகுதான், அந்த மாதக் கடைசியில், தடம் பல்கலைக்கழகத்தில் போய் முடிந்தது. 7 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அணு விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோல் 0 முதல் 7 வரை. மாயாபுரிக்குக் கொடுத்த எண் 4.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்றுதான். இதில் திருட்டு கிடையாது, சதி கிடையாது. கேட்டால் எல்லோரிடமும் காகிதம் இருந்திருக்கும். ஏலக்குழுவிடம் பட்டியல், கடைக்காரரிடம் ரசீது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள் மட்டும் அந்த அறையில் இல்லை.

*

கம்ப்யூட்டர் சம்பந்தமாக இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு கதிர்வீச்சு விபத்து என்றால் உடனே ஞாபகம் வருவது தெராக்-25. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு புற்றுநோய் சிகிச்சை இயந்திரம் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. காரணங்களில் முக்கியமானது மென்பொருள் பிழை. ஆபரேட்டர் வேகமாகத் தட்டிவிட்டுச் சில நொடிக்குள் திருத்தினால் இயந்திரத்தின் ஒரு பகுதி பழைய கட்டளையையும் இன்னொரு பகுதி புதிய கட்டளையையும் பின்பற்றும். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் இருந்த ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர், ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வைத்து அந்தப் பிழையைப் பிடித்தார். 'அப்படி நடக்க வாய்ப்பே இல்லை' என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் துறையில் இந்தக் கதையை விரும்பிச் சொல்வோம். நம் வேலைக்கும் உயிருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று காட்டும் கதை, கொஞ்சம் பெருமைகூட. அதே கனடா நிறுவனம்தான் காமாசெல்லையும் செய்தது. ஆனால் மாயாபுரியை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதில் கோடு இல்லை, புத்திசாலித்தனமான பிழை இல்லை. ஒரு பொருளைக் கணக்கில் வைத்துக்கொள்ள மறந்தார்கள், அவ்வளவுதான். உலகத்தில் மருத்துவக் கதிர்வீச்சுப் பொருட்களால் பொதுமக்கள் செத்த பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், தெராக் மாதிரிக் கதைகளை விட மாயாபுரி மாதிரிக் கதைகள்தான் வரிசையாக வருகின்றன.

எப்படி என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருடம். அதாவது 5.27 வருடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். 40 வருடத்தில் ஏழரை முறை பாதியாகியிருக்கும். புதிதாக வாங்கியபோது இருந்ததில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. ஆராய்ச்சிக்கு அது பிரயோஜனமே இல்லை, செத்த சரக்கு. ஆனால் ஈய உறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற ஆளுக்கு அந்த 200இல் ஒரு பங்கே தாராளம். ஒரு பொருள் பயனை இழக்கிற தேதியும் ஆபத்தை இழக்கிற தேதியும் வேறு வேறு. நடுவில் சில சமயம் 30 வருடம், 40 வருடம். எல்லா விபத்தும் அந்த நடுவில்தான் நடக்கிறது.

*

ஆரம்பத்தில் இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சில மாதங்களில் உலகம் முழுக்க டாக்டர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். ட்யூப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே நீட்டிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கைகள் முதலில் சிவந்து, பிறகு புண்ணாகி, பிறகு விரல் விரலாக வெட்டப்பட்டன. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904இல் இப்படித்தான் இறந்தார். 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில், எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் உயிர்விட்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முதலில் பொறித்தது 169 பெயர்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், இயற்பியலாளர்கள். அதாவது முதல் 40 வருடம் கதிர்வீச்சுக்குப் பலியானவர்களில் பலர் அதைக் கையாண்டவர்களே. 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச மாநாடு ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்தபோது அதன் கவலையும் வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான்.

ரேடியம் வந்தபோது இன்னொரு தொல்லை சேர்ந்துகொண்டது. எக்ஸ் கதிர் இயந்திரத்தை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். ரேடியத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. அரை ஆயுள் 1,600 வருடம். அதைச் சின்ன ஊசிகளில் அடைத்துப் புற்றுக்கட்டிக்குள் செருகி, சில நாள் வைத்து, பிறகு எடுப்பார்கள். ஊசி சின்னது. பஞ்சோடு போகும், பேண்டேஜோடு குப்பைக்குப் போகும், சாக்கடைக்குப் போகும். தொலைந்த ரேடியத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டுமே ராபர்ட் டாஃப்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1938இல் ஒரு புத்தகம் எழுதினார் என்றால் அந்தத் தொல்லை எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம். ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைத்து, நோட்டில் எழுதுகிற ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கு அந்தப் பதவிக்குப் பெரிய பெயர். அடிப்படையில் அது எண்ணிக்கை சரிபார்க்கும் வேலை.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாறு தள்ளி இருந்தது அல்ல. சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934இல் வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கியது, அதை வளர்த்தவர்கள் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும். கோபால்ட் கதிரால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது 1951 அக்டோபரில், கனடாவில். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அடையாறில் ஒரு கோபால்ட் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓலைக் கொட்டகைகளும் குறைந்த பணமுமாக இருந்த ஒரு மருத்துவமனை, உலகத்தின் புத்தம் புதிய கருவியை அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்தது என்பது சின்ன விஷயமில்லை. ரேடியத்தை விட கோபால்ட் மலிவு, வீரியம் அதிகம். நம்மைப் போன்ற நாடுகளில் லட்சக்கணக்கானவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை எட்டியதே கோபால்ட்டால்தான். இதைச் சொல்லாமல் அதன் ஆபத்தை மட்டும் எழுதுவது நியாயமாக இருக்காது.

ஆனால் கோபால்ட்டோடு சேர்ந்து இன்னொன்றும் பரவியது. உலகத்தின் ஊர் ஊராக, ஒரு கான்கிரீட் அறைக்குள், ஈயமும் இரும்பும் சேர்ந்த ஒரு தலைக்குள், விரல் தடிமனுக்கு ஒரு கோபால்ட் உருளை. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பழையதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். மருத்துவமனை இடம் மாறும், திவாலாகும், நிர்வாகம் கைமாறும், வாங்கிய டாக்டர் ரிட்டயர் ஆவார். உருளை மட்டும் அங்கேயே இருக்கும்.

*

நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உருவானது 1983 நவம்பர் 15. அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 6, மெக்சிகோவின் சிவுதாத் ஹுவாரெஸ் என்ற எல்லையோர ஊரில் ஒரு மருத்துவமனை ஊழியர் கிடங்கிலிருந்த பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்து லாரியில் ஏற்றினார். அந்த இயந்திரம் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. 1977இல் வாங்கிய கோபால்ட் சிகிச்சைக் கருவி. இயக்குவதற்குத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று 6 வருடம் கிடங்கிலேயே வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே உருளையாக இல்லாமல், கடுகு மாதிரி சுமார் 6,000 மணிகள். காயலான் கடைக்குப் போகும் முன்பே அந்த உறையை உடைத்துவிட்டார்கள். லாரியிலும் தெருவிலும் மணிகள் சிதறின. மிச்சம் இரும்போடு கலந்து உலைக்குப் போனது.

உருக்கினால் கோபால்ட் அழியாது. இரும்போடு இரும்பாகக் கலந்துவிடும். அது கட்டடக் கம்பியாகவும் ஓட்டல் மேஜைக் கால்களாகவும் வெளியே வந்தது. யாருக்கும் தெரியாது. 1984 ஜனவரி 16 அன்று அந்தக் கம்பி ஏற்றிய ஒரு லாரி, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துப் பக்கம் வழி தவறிப் போனது. அங்கே வாசலில் கதிர்வீச்சு மீட்டர் உண்டு, அது அலறியது. டிரைவர் ஒழுங்காக வழி கேட்டிருந்தால் அந்தக் கம்பிகள் வீட்டுச் சுவர்களுக்குள் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு மெக்சிகோவில் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிக்க வேண்டியிருந்தது.

ஆள் இல்லாமல் கருவி வாங்கினார்கள் என்ற அந்த ஒரு வரியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இது கேள்விப்படாத விஷயமா?

பிரேசிலின் கொயானியா கதை பலருக்குத் தெரிந்திருக்கும், நீலமாக ஒளிர்ந்த பொடியின் கதை. ஒரு தனியார் கதிர் சிகிச்சை நிலையம் 1985இல் இடம் மாறியபோது சீசியம்-137 இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனது. அனுமதி கொடுத்த அமைப்புக்குத் தகவல் சொல்லவில்லை. கட்டடம் பாதி இடிந்து கிடந்தது. 1987 செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் உள்ளே போய் அதன் தலையைக் கழற்றினார்கள். காயலான் கடைக்காரர் வாங்கினார். இருட்டில் அது ஒளிர்ந்ததைப் பார்த்து அதிசயப்பட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், கொடுத்தார். 4 பேர் இறந்தார்கள். ஒருத்தி 6 வயதுக் குழந்தை, பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டவள். மொத்தம் 249 பேர் மேல் கதிரியக்கப் பொருள் படிந்திருந்தது. 1,12,000க்கும் மேற்பட்டவர்களை விளையாட்டு அரங்கத்தில் வரிசையாக நிற்க வைத்துச் சோதித்தார்கள்.

அந்தக் கதையின் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் கடைக்காரரின் மனைவி. வீட்டில் எல்லோரும் வாந்தி எடுக்கிறார்கள், இந்தப் பொடி வந்த பிறகுதான் இதெல்லாம் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். மிச்சத்தை ஒரு பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தார். படித்தவர் அல்ல, கதிர்வீச்சு என்ற சொல்லையே கேட்டிருக்க வாய்ப்பில்லை. எந்த அதிகாரியும் செய்யாத வேலையை அவர் செய்தார். இறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

இரண்டாமவர் மறுநாள் கூப்பிடப்பட்ட இயற்பியலாளர். எங்கிருந்தோ ஒரு மீட்டரைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார். சுகாதார அலுவலகத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ஆன் செய்தால் முள் கடைசி வரை போய் நிற்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே. மீட்டர் கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திரும்பிப் போய் இன்னொன்று வாங்கி வருகிறார். அதுவும் அப்படியே நிற்கிறது. அவர் வந்து சேரும்போது, தீயணைப்புப் படையினர் அந்தப் பையை எடுத்து ஆற்றில் போட யோசித்துக்கொண்டிருந்தார்கள். தடுத்து நிறுத்தினார்.

*

கோவையில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம் என்றார். ஐம்பதைத் தாண்டியவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பும் அவருடையதே. ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் ஆர்.எஸ்.ஓ. என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"மெஷின் ஓடுற வரைக்கும் பிரச்சினை இல்லைங்க தம்பி. தினமும் நாலு பேரு பாக்குறாங்க, ஏதாச்சும் ஒண்ணுன்னா போன் வரும். ஓடாம நிக்கிறதுதான் வில்லங்கம். யாரும் கேக்க மாட்டாங்க. நம்மளே போயி நம்மளே ஞாபகம் வெச்சுக்கோணும்" என்றார்.

அவர் வேலை என்ன என்று வெளியில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஊழியர்கள் நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேகரித்து அனுப்புவார். பேட்ஜுக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் இருக்கும். சூடாக்கினால், வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளி விடும். ஒரு பேட்ஜை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கதிர் இல்லாத அறையில் தனியாக வைத்திருப்பார்கள், மற்றவற்றை அதோடு ஒப்பிடுவதற்கு. ஊழியருக்கான வரம்பு ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. சிலர் பேட்ஜை ஈயக் கவசத்துக்கு மேலே குத்திக்கொள்வார்கள், சிலர் கோட்டோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே தொங்க விட்டுப் போய்விடுவார்கள். ரிப்போர்ட்டில் எண் எகிறும், விசாரணை வரும். "கோட்டுதான் டோஸ் வாங்கியிருக்குது, ஆள் வாங்கலைன்னு எழுதிக் கொடுக்கோணும்ங்க" என்று சிரித்தார்.

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுத்த நோயாளியைத் தனி அறையில் வைத்திருப்பார்கள். அந்த அறையின் கழிவுநீர் நேராகச் சாக்கடைக்குப் போகக் கூடாது. தனித் தொட்டியில் தேங்க வேண்டும். அயோடினின் அரை ஆயுள் 8 நாள், காத்திருந்தால் அடங்கிவிடும். உடலுக்குள் கதிர் மூலத்தைச் செலுத்தும் சிகிச்சைக்கு இரிடியம்-192, அரை ஆயுள் 74 நாள். சில மாதத்துக்கு ஒருமுறை புதியது வரும், பழையது போகும். ஒவ்வொரு வரவும் ஒவ்வொரு போக்கும் நோட்டில் ஏற வேண்டும். மருத்துவ ஆராய்ச்சியும் கல்வியும் நடக்கிற பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்னும் சிக்கல். சிகிச்சைப் பிரிவு தவிர ஆய்வகங்களில் சின்னச் சின்ன மூலங்கள் இருக்கும். ரத்த வங்கியில் ரத்தத்தைக் கதிரூட்டும் கருவி இருக்கலாம், அது காமாசெல்லின் சொந்தக்காரன்தான். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விடுவார். அவர் வாங்கிய மூலம் அலமாரியில் இருக்கும்.

2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாரியம் ஏற்றுக்கொண்ட ஆர்.எஸ்.ஓ. ஒருவர் இல்லாமல் ஒரு மருத்துவமனை இந்தக் கருவிகளை இயக்க முடியாது. அவர் தரும் பாதுகாப்பு அறிக்கை நிர்வாகத்துக்கு மட்டும் போனால் போதாது, வாரியத்துக்கும் போக வேண்டும். சம்பளம் ஒருவரிடம், பதில் சொல்ல வேண்டியது இரண்டு பேரிடம். இதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதியில் அதிகாரம் இருப்பதும் ஆஸ்பத்திரி மீட்டிங்கில் நாற்காலி இருப்பதும் ஒன்றல்ல. பெரிய டாக்டர் 'சும்மா தொந்தரவு பண்ணாதீங்க' என்று சொன்னால், எதிர்த்து நிற்க வேண்டியவர் பல இடங்களில் அந்த டாக்டரை விட வயதிலும் சம்பளத்திலும் சின்னவர்.

இப்போது வாரியத்தின் ஈ-லோரா என்ற இணையதளத்தில்தான் எல்லாம். மூலம் வாங்குவதும் திருப்பி அனுப்புவதும் அதன் வழியாகவே. நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், புது சிஸ்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய நோட்டில் எழுதாமல் விட்டது புதியதில் தானாக வந்து உட்காராது. தில்லியின் காமாசெல் வாரியம் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே இந்தியா வந்தது. மாயாபுரிக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் தங்களிடம் உள்ள கதிரியக்கப் பொருட்களை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று யு.ஜி.சி. வழிகாட்டுதல் அனுப்பியது. ஒரு உயிர் போன பிறகு.

புதிய ஆஸ்பத்திரிகள் கோபால்ட்டை விட்டு லினாக் எனப்படும் முடுக்கிக் கருவிகளுக்கு மாறிவருகின்றன. அதில் கதிரியக்கப் பொருள் இல்லை, மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ஸ்விட்ச் திரும்பி வந்துவிட்டது. முன்னேற்றம்தான். ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரி லினாக்குக்கு மாறும்போதும் ஒரு கோபால்ட் இயந்திரம் ஓடாமல் நிற்க ஆரம்பிக்கிறது. அதை முறைப்படி கழற்றி, அனுமதி வாங்கி, கவசப் பெட்டியில் ஏற்றி, திருப்பி அனுப்ப வேண்டும். பணம் செலவாகும், வருமானம் கிடையாது. எந்த நிர்வாகத்துக்கும் அவசரம் இருக்காது. நினைவுபடுத்திக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும்.

*

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கவலை என்று கோயமுத்தூரில் இருப்பவர்கள் நினைக்க முடியாது.

காந்திபுரத்தில் நூறடி ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு ஸ்கேன் சென்டர் வரும், ஒரு ஆஸ்பத்திரி வரும். சத்தி ரோட்டில் வடக்கே போனால் கணபதி, ஃபவுண்டரிகள். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று இந்த ஊர் செய்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை வார்ப்பு. வார்ப்புக்கு அடிப்படை பழைய இரும்பு. ஒரு பக்கம் கதிர் மூலங்கள் இருக்கும் கட்டடங்கள், இன்னொரு பக்கம் எதைப் போட்டாலும் உருக்கிவிடும் உலைகள், நடுவில் காயலான் கடைகள். ஹுவாரெஸ் ஊரின் வரைபடமும் இப்படித்தான் இருந்தது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. 2008 அக்டோபரில் பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் இருந்த லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருப்பது தெரியவந்தது. பட்டனுக்கான உலோகம் இந்தியாவிலிருந்து போனது. அங்கே வேலை செய்த இருபது பேர் அளவில் வரம்புக்கு மேல் கதிர் வாங்கியிருந்தார்கள். எங்கோ ஒரு உலையில் யாருடையதோ ஒரு மூலம் ஸ்கிராப்போடு விழுந்திருக்கிறது. அது ஆஸ்பத்திரியுடையதா, தொழிற்சாலையுடையதா என்று உருகிய பிறகு இரும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்திலிருந்து வெளிநாட்டு வாங்குபவர்கள் பலர், வார்ப்புகளில் கதிரியக்கம் இல்லை என்று சான்றிதழ் கேட்க ஆரம்பித்தார்கள். இறக்குமதி ஸ்கிராப்புக்குக் கப்பலில் ஏற்றும் முன்பே கதிர் சோதனைச் சான்று வேண்டும். உள்ளூர் காயலான் கடையிலிருந்து டெம்போவில் வரும் ஸ்கிராப்புக்கு அப்படிக் காகிதம் எதுவும் வருவதில்லை.

கணபதியில் ஏற்றுமதி வார்ப்பு செய்யும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். கேட்டில் எடைமேடை, எடைமேடைப் பக்கத்தில் ஒரு பையன், கையில் செல்போனை விடக் கொஞ்சம் பெரிய மீட்டர். டெம்போவைச் சுற்றி ஒரு நடை, எண்ணை நோட்டில் எழுதி ஒரு கையெழுத்து. வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூடக் கத்தியதில்லையாம். கத்தினா என்ன செய்வீங்க என்று கேட்டேன். "முதலாளிக்குப் போன் பண்ணுவேன்ங்" என்றான்.

முதலாளியிடம், உட்கார்ந்து டீ குடிக்கும்போது, தாய்லாந்தில் 2000ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னேன். பாங்காக்கின் ஒரு மருத்துவமனையில் ஓடிய கோபால்ட் தலை, கைமாறிக் கைமாறி, காவல் இல்லாத ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது. பொறுக்கி விற்றார்கள், காயலான் கடையில் வெட்டினார்கள், 3 பேர் இறந்தார்கள். அதன் மேல் எச்சரிக்கைச் சின்னம் இருந்தது, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த மூன்று இதழ்ச் சின்னம். அவர்களுக்கு அது ஒரு ஃபேன் படம் மாதிரி இருந்திருக்கும். தாய் மொழியில் ஒரு எழுத்தும் இல்லை. இதற்கெல்லாம் பிறகு 2007இல் சர்வதேச அணுசக்தி முகமை ஒரு புதுச் சின்னம் கொண்டுவந்தது. சிவப்பு முக்கோணம், மேலே மூன்று இதழ், அதிலிருந்து இறங்கும் கதிர்கள், ஒரு மண்டை ஓடு, ஓடுகிற ஒரு மனிதன். பல நாடுகளில் படிக்காதவர்களிடமும் குழந்தைகளிடமும் காட்டிக் காட்டித் தேர்ந்தெடுத்தது. அதை இயந்திரத்தின் வெளியே ஒட்டுவதில்லை. மூடியைக் கழற்றினால் மட்டும் தெரிகிற மாதிரி உள்ளே வைப்பார்கள். பிரிக்கிற ஆளுக்காகவே செய்த சின்னம்.

போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஓடறானே, எந்தப் பக்கம் ஓடறான்?"

"வலது பக்கம்ங்க."

"நம்ம கேட்டு இடது பக்கமல்ல இருக்குது." சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இதைய ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து குடு கண்ணு, பெருசா. எடைமேடைகிட்ட ஒட்டிப்போடலாம். அந்தக் காயலான் கடை ஷாஜகானுக்கும் ஒண்ணு சேத்தி எடு" என்றார்.